குளிக்காத கல்யாண வீடு

“அதைப் பிடுங்கி எறின்னு சொன்னேன்! இது மோதினார் வீடா, பேயோட்டுறவன் கொட்டகையா?”

“நீங்களே பிடுங்குங்களேன். தொட்டுத்தான் பாருங்க! ஞாயித்துக்கெழம மழை கொட்டுச்சுன்னா வர்ற முந்நூறு பேருக்கும் நீங்கதான் குடை பிடிக்கணும், சொல்லிட்டேன்.”

“அல்லா மேல நம்பிக்கை இருக்கிறவ செய்யிற காரியமாடி இது? மொளகாயையும் வெங்காயத்தையும் நம்பி...”

“மொளகாய நான் நம்பலீங்க. மழையத்தான் நம்பல.”

நான் என் வாசலில் காய்ந்த மரவள்ளியை இடித்துக்கொண்டிருந்தேன். இடித்துக்கொண்டிருந்தேன் என்றால், உலக்கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். இடித்தால் அடுத்த வீட்டுச் சத்தம் கேட்காது. மோதினார் கசனும் அவர் மனைவி வகியெமும் கல்யாணமான நாளிலிருந்தே சண்டை போடுகிறவர்கள்தான். அதற்கெல்லாம் நான் உலக்கையை நிறுத்தியதில்லை. ஆனால் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் அந்தத் தொண்டை அடுப்படியில் அந்த உயரத்துக்கு ஏறி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வேலி இடுக்கில் பார்த்தேன். சமையல்கட்டுக்குப் பின்னால் ஈர்க்குத் துடைப்பம் ஒன்று தலைகீழாக மண்ணில் நட்டிருந்தது. ஒவ்வொரு ஈர்க்கின் நுனியிலும் ஒரு சிவப்பு மிளகாய், அதன் கீழே ஒரு சின்ன வெங்காயம். பார்க்கப் பூச்செடி மாதிரி அழகாகக்கூட இருந்தது. எங்கள் வத்துஜஜர் ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும், அது மழையைக் கட்டுகிற துடைப்பம். நட்டு வைத்தவர் மழைகட்டி கர்யோவாகத்தான் இருக்க வேண்டும். எங்கள் மலைப்பக்கம் முழுக்கக் கல்யாணத்துக்கும் சந்தைக்கும் மழையைத் தள்ளிவைக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை வகியெமின் சின்ன மகள் முர்த்தினிக்குக் கல்யாணம்.

இதில் என்ன தப்பு என்று கேட்பீர்கள். தப்பு இதுதான். அந்த வருடம் மழை பெய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. சுண்ணாம்புக் கல் மேல் உட்கார்ந்திருக்கிற ஊரில் கிணறு ஏது? கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வருடம் முழுக்க. தொட்டிகளில் சேறு தெரிந்தது. பத்து நாளைக்கு ஒரு முறை வரும் தண்ணீர் லாரியிலிருந்து வீட்டுக்கு அரை பீப்பாய். தேக்கு மரங்கள் இலை உதிர்த்துவிட்டு விறகு மாதிரி நின்றன. அதனால் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள் காலையிலும் ஊரே கூடி மழைக்காகத் தொழ வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்திருந்தார் ஒருவர். அறிவித்தவர் மோதினார் கசன்.

ஒரே வீட்டில் புருஷன் மழையை வா என்கிறான், பெண்டாட்டி வராதே என்கிறாள். மேலே இருப்பவன் யார் பேச்சைக் கேட்பான்?

“இது அல்லாவுக்கு இணை வைக்கிறதுடி. சூனியம். நான் மேடையேறி ஊருக்குச் சொல்லுவேன், என் கொல்லையில துடைப்பம் பூத்துக் கெடக்கும்!”

“அப்படியா? கல்யாணத்துக்கு நாள் குறிச்சது யாரு? பொண்ணு பொறந்த கெழமையையும் மாப்பிள்ள பொறந்த கெழமையையும் சந்தைக் கெழமையோட சேத்துக் கூட்டி, அஞ்சால வகுத்து, மிச்சம் என்னன்னு விரல் விட்டு எண்ணுனது யாரு? அது எந்தக் கிதாபுல இருக்கு? ஓதிக் காட்டுங்க, நானும் உக்காந்து கேக்குறேன்.”

மோதினார் இருமிக்கொண்டார்.

“அது... அது பெரியவங்க கணக்கு.”

“இதுவும் பெரியவங்க துடைப்பம்தான்.”

இதற்குச் சிரிக்காமல் இருக்க உலக்கையைக் கடித்துக்கொண்டேன். ஆனால் அடுத்து அவள் சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

“சுலஸ்திரி கல்யாணத்த மறந்துட்டீங்களா?” குரல் இறங்கியிருந்தது. “நான் மறக்கலீங்க. இன்னொரு தடவ என்னால ஆகாது. இந்த வாரத்த விட்டா சூரா மாசம், கல்யாணமே கூடாது. மாப்பிள்ளையும் யாவாரத்துக்குத் திரும்பணும்.”

சுலஸ்திரி மூத்தவள். ஆறு வருடத்துக்கு முன்னால் அவள் கல்யாணத்தன்று பந்தி நடக்கும்போது வருடத்தின் முதல் மழை கொட்டியது. பந்தல் சரிந்தது. நட்ட நடு வாசலில் சோறு மிதந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கிக்கொண்டு வண்டி ஏறினார்கள். வருடம் திரும்புமுன் அவனும் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டான். அவள் மலேசியாவுக்கு வீட்டு வேலைக்குப் போனவள்தான். அது பசியோடு எழுந்து போன பந்தியின் சாபம் என்பது வகியெமின் கணக்கு. அவன் சூதாடி என்பது என் வீட்டுக்காரரின் கணக்கு. இரண்டும் சரியாக இருக்கலாம்.

மோதினார் வெளியே வந்தார். துடைப்பத்தைப் பார்த்தார். கை நீட்டினார், இழுத்துக்கொண்டார். பிறகு தொழுகைக்கு நேரமாகிவிட்டது போல வேகமாகப் போனார். தொழுகைக்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது.

மழையைக் கட்டி வைத்த வீட்டுக்குச் சில சட்டங்கள் உண்டு. காரியம் முடியும் வரை கட்டச் சொன்னவள் குளிக்கக் கூடாது. கட்டுகிறவரும் தண்ணீரைத் தொடக் கூடாது, பச்சைத் தண்ணீர் வாயில் படக் கூடாது. கர்யோ தாகத்துக்கு இளநீர் குடிப்பார். கேட்டால், “இது தண்ணியா? தேங்கா” என்பார்.

வெள்ளிக்கிழமை காலை வறண்ட குளத்துக்குள் ஊர் கூடியது. குளத்தின் தரை ஆமை ஓடு மாதிரி வெடித்திருந்தது. பழைய துணி உடுத்தி, ஆடுமாடுகளையும் ஓட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார் மோதினார். குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்துக் கட்டியதால் அவை போட்ட சத்தத்திலேயே வானம் இறங்கி வந்திருக்க வேண்டும். தொழுகை முடிந்து, கை ஏந்திக் கேட்கும் துஆவுக்கு முன்னால் மோதினார் தன் மேல்துண்டை உள்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டார். நிலைமையும் இப்படித் திரும்பட்டும் என்று அதற்கு அர்த்தம். ஆண்கள் எல்லாரும் சட்டையைத் திருப்பிப் போட்டார்கள். தையல் எல்லாம் வெளியே வந்துவிட்டது. எந்த வீட்டுக்காரி எப்படித் தைக்கிறாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். பெயர் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வரிசையில் கர்யோ நின்றார். தண்ணீர் தொடக் கூடாதவர் கை கால் முகம் கழுவுகிற ஒளுவை எப்படிச் செய்தார் என்றால், குளக்கரைப் புழுதியில் இரண்டு கையையும் தட்டி முகத்தைத் தடவிக்கொண்டார். தண்ணீர் இல்லாத ஊரில் பாதிப் பேர் அன்று அப்படித்தான் செய்திருந்தோம்.

வகியெம் எனக்குப் பக்கத்தில். மோதினார் மனைவி வராமல் இருக்க முடியுமா? வாசனையில் மூன்று நாள் இருந்தது. நாங்களும் ஒன்றும் மல்லிகைப்பூ இல்லை.

“யா அல்லா, எங்க பாவத்தப் பாக்காத” என்று மோதினார் கை ஏந்தினார். “வாயில்லாத இந்த ஜீவன்களப் பாரு. பால் வத்துன தாய்களப் பாரு...” ஊரையே கேலி பேசுகிற என் வாயும் அன்று ஆமீன் என்றுதான் சொன்னது.

திரும்பி வரும்போது கேட்டேன், “நீ என்ன கேட்ட வகியெம்?”

“எல்லாரும் கேட்டதத்தான்.”

“பொய் சொல்லாத. இப்பத்தான் தொழுதிருக்க.”

“மழை வேணும்னுதான் கேட்டேன் ஜுமி அக்கா. ஞாயித்துக்கெழம சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம்னு ஒரு வார்த்த சேத்துக்கிட்டேன். பந்தி முடிஞ்சிரும்ல.”

அன்று மதியம் தெற்குக் குன்றின் மேல் மேகம் கறுத்தது. ஈரக்காற்று ஒரு முறை அடித்தது. ஆளாளுக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மேகம் அங்கேயே நின்றது. மாலையானதும் கலைந்தது. சனிக்கிழமையும் காலைத் தொழுகை முடிந்ததும் அதே மேகம், அதே இடம், அதே நிற்றல். பேறுகாலத்துக்கு வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்ட மாதிரி. ஊர்ப் பார்வை எல்லாம் மேகத்தைப் பார்த்துவிட்டு மோதினார் வீட்டுக் கொல்லைப்பக்கம் திரும்பியது. துடைப்பத்தைப் பற்றி அவர்களுக்கு எப்படித் தெரியும்? வியாழக்கிழமையே நாலு வீட்டில் நான் சொல்லியிருந்தேன். நாலே வீடுதான்.

மோதினார் சனிக்கிழமை தொழுகை முடிந்த கையோடு கர்யோ வீட்டுப் பக்கம் நடந்தார். கர்யோ வீட்டுச் சல்லடை ஒன்று என்னிடம் எட்டு மாதமாக இருந்தது. அதைத் திருப்பிக் கொடுக்க அதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்குமா?

கர்யோ பலாமரத்தடியில் ஆட்டுக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் வெட்டின இளநீர்.

“அவுத்து விடுங்க அண்ணே.”

“எத மோதினாரே?”

“நேத்தும் இன்னிக்கும் என் பின்னால நின்னு மழைக்கு ஆமீன் சொன்னீங்க. இங்க வந்து வராதேன்னு உக்காந்திருக்கீங்க. எது நிசம்?”

“ரெண்டும் நிசம்தான். எனக்கும் தாகம் எடுக்காதா? ஆமீன் மனசாரத்தான் சொன்னேன். இது ஒரு வாசலுக்கு மட்டும். வானம் பெருசு. கொஞ்சம் தள்ளி ஊத்துன்னு கேக்குறேன், அவ்வளவுதான். அந்தப் பொம்பள வந்து அழுதா, என்ன பண்ணச் சொல்றீங்க?”

“கேக்குறேங்கிறீங்களே, யாருகிட்ட கேக்குறீங்க?”

கர்யோவின் கை கயிற்றில் நின்றது.

“உங்க வாப்பாதான் எனக்கு அலிபு, பே சொல்லிக் குடுத்தவரு. பிஸ்மில்லா சொல்லாம நான் வாயே தொறக்கிறதில்ல. கேக்குறது அவன்கிட்டதான்.” கொஞ்சம் இழுத்தார். “போற வழியில தெக்குக் குகையில குடியிருக்கிற ஆவி, அந்தக் குகைக்காரருக்கும் ஒரு சலாம் வெச்சுட்டுப் போறேன். ஊர்த் தலைவர் வீட்டுக்குப் போனா வாசல்ல நிக்கிற காவக்காரனுக்கு ஒரு வணக்கம் சொல்றதில்லையா?”

“அல்லா வீட்டு வாசல்ல காவக்காரன் கெடையாது அண்ணே. கதவே கெடையாது. யாரு வேணும்னாலும் நேரா உள்ள போலாம். அந்த ஒரு சலாம்தான் உங்களயும் என்னையும் பிரிக்குது.”

மோதினார் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுகிற மாதிரி சொன்னார்.

“இருக்கலாம்” என்றார் கர்யோ. “எங்க அப்பன் வெச்ச சலாம். அவருக்கு அவங்க அப்பன். நான் நிறுத்துனா குகைக்காரர் கோவிக்கிறாரோ இல்லையோ, அப்பன் கோவிச்சுக்குவாரு.” பிறகு என் பக்கம் திரும்பாமலே, “சல்லடைய வெச்சுட்டுப் போ ஜுமி. காதையும் சேத்து வெச்சுட்டுப் போயிராத” என்றார்.

நான் வேலி வரைக்கும் போய், காலில் முள் எடுத்தேன்.

“அவுக்க என் கையில ஒண்ணும் இல்ல மோதினாரே. கட்டச் சொன்னவதான் அவுக்கணும். உங்க வீட்டம்மா தலைக்குத் தண்ணி ஊத்திக் குளிச்சாப் போதும். அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் கட்டு நிக்காது.”

மோதினார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குளி என்று சொன்னால் கட்டு உண்மை என்று ஒப்புக்கொண்டது ஆகும். குளிக்காதே என்றால் கட்டுக்குக் காவல் இருந்தது ஆகும். அறுபது வயசுக்கு அந்த மனிதர் இப்படி ஒரு முட்டுச்சந்தில் நின்றிருக்க மாட்டார்.

நான் இதைப் பாரினெம் ஒருத்தியிடம்தான் சொன்னேன். பாரினெம் தெருக்கோடியில் இருப்பவள், அவளுடைய தொட்டிதான் ஊரிலேயே சின்னது, அவள் மாடு கன்று போடும் நிலையில் இருந்தது. பாவம், கவலைப்படுகிறவளுக்கு ஒரு சேதி சொல்வது தப்பா?

மதியம் கல்யாண வேலைக்கு நாங்கள் நாலைந்து பேர் வகியெம் வீட்டில் பிஞ்சுப் பலாக்காய் நறுக்கிக்கொண்டிருந்தோம். கை முழுக்கப் பிசின். கழுவத் தண்ணீர் கிடையாது, தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துக்கொண்டோம். மோதினார் அடுப்படி வாசலில் வந்து நின்றார்.

“குளி” என்றார்.

“எதுக்கு?” என்றாள் வகியெம்.

“எதுக்குன்னு கேக்காத, குளி. ஆனா கட்டு அவுறணும்னு குளிக்காத. அப்படிக் குளிச்சா கட்டுன்னு ஒண்ணு இருந்த மாதிரி ஆயிடும். சுத்தத்துக்குன்னு மனசுல நிய்யத்து வெச்சுக் குளி.”

“நான் சுத்தமாத்தான் இருக்கேன்.”

“நாலு நாளாச்சு!”

“கட்டுன்னு ஒண்ணு இல்லேன்னா நான் குளிச்சா என்ன, குளிக்காட்டி என்ன? உங்க துஆவுக்கு மழை வரட்டுமே. என் அழுக்கப் பாத்து பயந்து நிக்கிற மழையா அது?”

நறுக்குகிற கத்தி எல்லாம் நின்றது. பள்ளிவாசலில் அத்தனை வருடம் பேசியவர் ஒரு பலாக்காயை எடுத்து இப்படியும் அப்படியும் உருட்டிப் பார்த்தார். உண்மையைச் சொன்னால், அந்த ஒரு கேள்வியில் அவளும் அவரோடு சேர்ந்து மாட்டிக்கொண்டாள் என்பது அவள் முகத்திலும் தெரிந்தது.

உள்ளறையிலிருந்து முர்த்தினி வந்தாள். “கல்யாணம் எனக்கா, துடைப்பத்துக்கா? நாளைக்குப் பொழுது விடிஞ்சா நான் மணப்பொண்ணு. பொண்ணுக்கு ஏழு ஊத்துத் தண்ணி ஊத்தாத கல்யாணம் எங்கம்மா நடந்திருக்கு? ஈரத் துணியில மூஞ்சியத் தொடச்சு அனுப்பப் போறியா, சமையக்கட்டு மேசை மாதிரி?”

“ஊத்தெல்லாம் வத்திக் கெடக்குடி. ஏழு ஊத்துக்கு எங்க போவேன்?”

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். பதினோரு பெண்கள். முன்னால் பாரினெம். சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்கள், முதலில் என் பெயர்தான் இழுபடும் என்று பலாக்காய்த் தட்டோடு அடுப்புக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

பிறகுதான் கைகளைப் பார்த்தேன். ஒருத்தி கையில் கெட்டில். ஒருத்தி கையில் பால் டின். இரண்டு எண்ணெய்ப் பாட்டில்கள். பாரினெம் இடுப்பில் ஒரு மண்சட்டி, மேலே துணி கட்டியிருந்தது.

“நாளைக் கல்யாணத்துக்குப் பொண்ணு இன்னிக்குக் குளிக்கணும்ல” என்றாள் பாரினெம். “ஊத்துல தண்ணி இல்ல. அதான் ஏழு ஊத்துக்குப் பதிலா ஏழு வீட்டுத் தண்ணி. ஏழுன்னு ஆரம்பிச்சோம், பதினொண்ணு ஆயிருச்சு.”

துடைப்பம் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கட்டு பற்றி இல்லை. மேகத்தை யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வரும் வழியெல்லாம் என்னென்ன திட்டிக்கொண்டு வந்தார்களோ, அதையெல்லாம் வாசலிலேயே செருப்போடு கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

வகியெம் அந்தச் சட்டியின் துணியை விலக்கிப் பார்த்தாள். தொட்டியின் அடியில் வழித்தெடுத்த தண்ணீர். துணியில் வடிகட்டியும் பச்சை போகவில்லை. ஒரு கொசுப்புழு நெளிந்தது.

“இது உன் மாட்டோட தண்ணிதானே பாரினெம்?”

“அதுக்குக் காலையிலயே குடுத்துட்டேன்.”

அந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் மாடு கத்தியது. தாகத்துக் கத்தல் எது, சும்மாக் கத்தல் எது என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். பாரினெம் தலையைக் குனிந்துகொண்டாள்.

வகியெம் அப்படியே படியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

“அன்னிக்கும் நீங்கதானேடி இருந்தீங்க! சுலஸ்திரி பந்தியில. ஒருத்தி விடாம எந்திரிச்சு ஓடினீங்களே. மழை விட்டதும் தனியா நின்னு சோத்த வாரினேன் நான்.”

பாரினெம்தான் சொன்னாள். “ஓடினோம். முத மழை வகியெம். தொட்டி வாயத் தொறக்கணும், கூரத் தகரத்தக் கழுவி விடணும். அதுக்குத்தான் ஓடினோம்.”

“திரும்பி வரலையே.”

நானும்தான் ஓடினேன். தொட்டி நிறைகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என் வீட்டுப் படியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டில் ஒருத்தி சோறு வாரிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த வீட்டில் எது நடந்தாலும் தெரிந்துகொள்கிற எனக்கு.

வகியெம் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பாரினெமின் சட்டியிலிருந்து பாதியை ஒரு வாளியில் ஊற்றி அவளிடமே நீட்டினாள். “மாட்டுக்கு வெச்சுட்டு வா. நீ வந்தாத்தான் பொண்ணுக்கு ஊத்துவேன்.”

முற்றத்தில் முர்த்தினியை முக்காலியில் உட்கார வைத்தோம். கெனாங்கா பூ கிடைத்தது கொஞ்சம்தான். மோதினார் பிஸ்மில்லா சொல்லி முதல் சிரட்டை ஊற்றினார். பிறகு வகியெம், பிறகு நாங்கள் ஒவ்வொருத்தியும். அந்தப் பச்சைத் தண்ணீரில் அந்தப் பெண் பளபளத்தாள். மிஞ்சிய ஒரு கெட்டில் தண்ணீரை வகியெம் தூக்கித் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள்.

மோதினாரால் சும்மா இருக்க முடியவில்லை. “என்ன நிய்யத்து வெச்ச?”

“சொல்ல மாட்டேன்” என்றாள், தண்ணீர் சொட்டச் சொட்ட.

கொல்லைக்குப் போய்த் துடைப்பத்தைப் பிடுங்கினாள். மிளகாயையும் வெங்காயத்தையும் உருவி என் கையில் கொடுத்தாள். “சம்பலுக்கு அரைச்சிரு அக்கா. நல்ல மொளகா.”

சேதியைக் கர்யோவிடம் நான்தான் கொண்டு போனேன், கூடவே ஒரு செம்புத் தண்ணீர். கண்ணை மூடிக்கொண்டு முழுச் செம்பையும் குடித்தார். “வருமா?” என்று கேட்டேன். “குடுத்தா வரும்” என்றார். இதைச் சொல்ல மழைகட்டி எதற்கு?

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பார்த்தால், வானம் கழுவித் துடைத்த பீங்கான் தட்டு. ஒரு பொட்டு மேகம் இல்லை! மூன்றாம் நாள் தொழுகைக்கு வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோதினார் துண்டைத் திருப்பிப் போட்டார், கை ஏந்தினார், அதே துண்டோடு வீட்டுக்கு வந்து பத்து மணிக்கு மகளைத் தார்மாஜிக்குக் கைப்பிடித்துக் கொடுத்தார். தார்மாஜி கிளாத்தென் பக்கத்துப் பையன், தங்கெராங் பட்டணத்தில் நூடுல்ஸ் வண்டி போடுகிறவன். அவன் ஆட்கள் வாய்க்கால் பாயும் ஊர்க்காரர்கள். கை கழுவும் இடத்தில் சொம்பு சொம்பாகக் கொட்டினார்கள், எங்கள் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

பந்தி உட்கார்ந்தது. சோறு, பலாக்காய் கறி, சோயா தெம்பே, நான் அரைத்த சம்பல். முதல் கவளம் எடுத்திருப்பார்கள். தெற்கிலிருந்து மண்வாசனை வந்தது. எல்லாக் கையும் பாதியில் நின்றது. பந்தல் தார்ப்பாயில் டப் என்று ஒன்று விழுந்தது. இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

ஊரே எழுந்தது. பெஞ்சு கவிழ, தட்டு உருள, ஓட்டம். கண் மூடித் திறப்பதற்குள் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் மட்டும் தட்டைப் பிடித்துக்கொண்டு முழித்தார்கள். “என்னாச்சு? எதுக்கு ஓடுறாங்க?” என்று கேட்டார் சம்பந்தி. வகியெம் அகப்பையோடு அடுப்புக்கு முன் உட்கார்ந்துவிட்டாள். மழைச் சத்தத்தில் அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. ஏனென்றால் நானும் ஓடிக்கொண்டிருந்தேன்.

ஆமாம், ஓடினேன். தொட்டி வாயைத் திறந்தேன். கூரைத் தகரத்து அழுக்கு முதல் ஓட்டத்தில் போகட்டும் என்று குழாயைத் திருப்பி வைத்தேன். பக்கத்து வீடுகளிலெல்லாம் கத்தல், சிரிப்பு, வாளிச் சத்தம். குழாயைத் தொட்டிக்குத் திருப்பினேன். தண்ணீர் விழுகிற அந்த முதல் சத்தம்! அல்ஹம்துலில்லா என்று வாய் தானாகச் சொன்னது. படியில் உட்காரப் போனேன். உட்காரவில்லை. சுளகைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மறுபடி ஓடினேன்.

வாசலில் மோதினார் மழையில் நின்றுகொண்டிருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றி நெஞ்சில் மழை விழும்படி நின்றார். இப்போதுதான் ரப்பிடமிருந்து, படைத்தவனிடமிருந்து வந்தது, இன்னும் யாரும் தொடாதது என்றார். என் பின்னாலேயே பாரினெம் வந்தாள், பாத்திரம் கழுவுகிற அகலச் சட்டியைக் குடையாக்கி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக, ஊர். நனைந்த கோழிகள் மாதிரி. ஆண்கள் மூங்கில் கழியால் பந்தலின் தொந்தியைத் தூக்கித் தண்ணீரைத் தள்ளிவிட்டார்கள். உட்கார இடமில்லாதவர்கள் நின்றுகொண்டே சாப்பிட்டார்கள்.

“வகியெம், எங்க என் தட்டு?” என்று பாரினெம் அடுப்படிக்குள் தலையை விட்டாள். “பாதிச் சோறு வெச்சுட்டுப் போனேன், யாரு தின்னா?”

வகியெம் நிமிர்ந்து பார்த்தாள். வாசலைப் பார்த்தாள். எண்ணினாள் என்றே நினைக்கிறேன். பிறகு அகப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அன்று அசர் வரைக்கும் அவள் பரிமாறுவதை நிறுத்தவில்லை.

மழை யாரால் வந்தது என்று எங்கள் ஊரில் இன்றைக்கும் பேச்சு உண்டு. மூன்று நாள் துஆ என்பார்கள் பள்ளிவாசல் பக்கத்தார். தலைக் குளியல் என்பார்கள் கொல்லைப்பக்கத்தார். மோதினாரைக் கேட்டால், கொடுத்தவன் கொடுத்தான், வாங்கியவர்கள் நன்றி சொல்லுங்கள், சண்டை எதற்கு என்பார். பாரினெமிடம் சேதி சொன்ன வாய் யாருடையது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

முர்த்தினியும் தார்மாஜியும் அடுத்த வாரமே தங்கெராங்குக்குப் போய்விட்டார்கள். இப்போது இரண்டு வண்டி, மூன்று பிள்ளைகள். பாரினெமின் மாடு கிடாரிக்கன்று போட்டது. கர்யோவிடம், குகைக்காரருக்கு இன்னும் சலாம் வைக்கிறீர்களா என்று கேட்டேன். “நின்னு வைக்கிறதில்ல. போற போக்குல தலைய மட்டும் ஆட்டுறேன்” என்றார். நாள் குறிக்கப் போனால் மோதினார் இப்போதெல்லாம் எல்லா நாளும் நல்ல நாள்தான் என்று சொல்கிறார். சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் விரல் விட்டு எண்ணுகிறார்.

சுலஸ்திரி மலேசியாவிலிருந்து திரும்பி வந்தாள். இரண்டு வருடம் கழித்து யாரைக் கட்டிக்கொண்டாள் என்று நினைக்கிறீர்கள்? தண்ணீர் லாரி ஓட்டுகிற பையனை. அந்தக் கல்யாணத்துக்கு வகியெம் துடைப்பம் நடவில்லை. மழையும் சொல்லி வைத்த மாதிரி பந்தி நடுவில் வந்தது. எல்லாரும் தட்டை மூடி வைத்துவிட்டு ஓடினோம், எல்லாரும் திரும்பி வந்தோம். முதலில் திரும்பி வந்தவள் நான். யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.